வரைபடத்தைத் தரையில் விரியுங்கள்

ராயபுரத்தில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். 'வடக்கு எது?' என்று கேட்டால் பாதிப் பேர் மின்விசிறியைக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. சுவரில் தொங்கும் வரைபடத்தில் வடக்கு மேலேதானே இருக்கிறது!

அதனால் வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன் வடக்கை எண்ணூர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். பிள்ளைகள் கடலைப் பார்த்து நின்றால் முகம் கிழக்கு, இடக்கை காசிமேடு, திருவொற்றியூர், வலக்கை துறைமுகம், முதுகுப் பக்கம் பெரம்பூர். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

அப்புறம் வேளாங்கண்ணி. எங்களுடையது கத்தோலிக்கப் பள்ளி, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை நினைவூட்டவே வேண்டாம். கடற்கரையோரமாகவே ஒரு கயிற்றைப் போட்டு, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று முடிச்சுப் போடச் சொல்லுங்கள். 'போகும்போது கடல் எந்தக் கைப்பக்கம்? திரும்பும்போது?' என்று கேளுங்கள். பாலாறு, தென்பெண்ணை, கொள்ளிடம் மூன்றையும் நீல நூலால் குறுக்கே போட்டால், ஆறுகள் கிழக்கே ஓடி வங்கக் கடலில் சேர்வதை அவர்களே சொல்லிவிடுவார்கள். நூல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், பாதி பட்டத்துக்குப் போய்விடும்.