பிங்க் ஃபிளாய்டை எங்கே தொடங்குவது?

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைக் கேட்க நினைப்பவர்கள் 1967இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' எடுங்கள். ஐந்தே தடங்கள், முக்கால் மணி நேரம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வருவதற்குள் முடிந்துவிடும். ஷஃபிளை மட்டும் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.

முதல் தடத்தில் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள்! நான்காவது நிமிடத்தை ஒட்டி டேவிட் கில்மரின் கிட்டார் தனியாக நான்கே ஸ்வரங்களை மீட்டும். மொத்தப் பாட்டும் அதன் மேல்தான் நிற்கிறது. 1968இல் குழுவை விட்டுப் போன சிட் பாரெட்டை நினைத்து எழுதியது இது. பாட்டின் மீதிப் பாதி, ஆல்பத்தின் கடைசியில் வரும்.

அப்புறம் 1973இன் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', ராத்திரியில், ஹெட்ஃபோனில். அதில் 'மணி' (Money) பாட்டுக்கு ஏழு எண்ணிக்கை. சபாவில் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுக்குத் தொடையில் தட்டிப் பழகியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சாக்ஸஃபோன் முடிந்து கிட்டார் நுழையும்போது கணக்கு நான்காக மாறும். எண்ணிக்கொண்டே கேளுங்கள், அந்தத் திருப்பம் அவ்வளவு சுகம்.

சரி, 'தி வால்' பெரிய இரட்டை ஆல்பம். அதை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.