காதுக்குப் புரிகிறது, வாய்க்கு வரவில்லை: சீரியல் பார்த்து பிசினஸ் இங்கிலீஷ் பழகுவது

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை வரை மலையாளம் படிக்க டியூஷன் போனவர்கள் குறைவு. டிவியும் பஸ்ஸும் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் பாலக்காட்டுச் சித்தூர் கடைக்காரர் மலையாளத்தில் கேட்டால் நம் பதில் தமிழில்தான் வரும். அவருக்கும் தமிழ் தெரியும் என்பதால் வண்டி ஓடுகிறது. ஆங்கில சீரியலை நாலு சீசன் பார்த்தும் வாய் திறக்காததற்கு இதேதான் காரணம்: காது பழகிவிடுகிறது, வாய்க்கு வேலையே வருவதில்லை. நம் தேங்காய் நார்த்தூள் கட்டியை வாங்கும் நெதர்லாந்து பையருக்கோ தமிழ் தெரியாது.

முதலில் சீரியல். 'சூட்ஸ்' (2011–2019) நியூயார்க் வக்கீல் ஆபீஸ் கதை. பேரமும் உண்டு, மிரட்டலும் உண்டு. பேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'மேட் மென்' (2007–2015) 1960களின் விளம்பர ஏஜென்சி. கிளையண்ட் முன் ஒரு யோசனையை எப்படி எடுத்து வைப்பது என்று பழக நல்ல இடம். ஆபீஸ் பெண்களிடம் பேசும் விதம் மட்டும் அந்தக் காலத்தோடு போகட்டும். 'சக்சஷன்' (2018–2023) ஆரம்பத்தில் வேண்டாம். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிப் பேசுவார்கள், கெட்ட வார்த்தைக்கும் பஞ்சமில்லை.

முழு எபிசோடைப் பாடமாக எடுக்காதீர்கள். 2 அல்லது 3 நிமிடக் காட்சி ஒன்று போதும். யாராவது மறுக்கும், தள்ளிப்போடும், தப்பை ஒப்புக்கொள்ளும், விலை பேசும் காட்சியாக இருக்கட்டும். முதல் தடவை எழுத்து எதுவும் இல்லாமல் பாருங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் பிடிபட்டால் போதும். இரண்டாம் தடவை ஆங்கில எழுத்தோடு. தமிழ் சப்டைட்டில் போட்டால் கண் படிக்க ஆரம்பிக்கும், காது மூடிக்கொள்ளும். ஆங்கிலத்திலும் 'சிசி' (க்ளோஸ்ட் கேப்ஷன்) என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சப்டைட்டிலில் இடம் மிச்சப்படுத்த 'வெல்', 'ஜஸ்ட்', 'ஐ மீன்' போன்ற சின்னச் சொற்களை அடிக்கடி வெட்டிவிடுவார்கள். நமக்கு வேண்டியதே அவைதான்.

ஏன் என்றால், தமிழில் மரியாதை ஒரு 'ங்க'வில் முடிந்துவிடும். 'அனுப்புங்க' என்றால் போதும். ஆங்கிலத்தில் அந்த 'ங்க' கிடையாது. மரியாதையை வாக்கியத்தின் அமைப்புதான் சுமக்கிறது. 'வுட்', 'குட்', 'மைட்' வரும், இப்போது கேட்பதையே இறந்த காலத்தில் கேட்பார்கள். அதை விட்டுவிட்டு நாம் 'கைண்ட்லி'யை ஒட்டிக் கட்டளையாக எழுதுகிறோம். வெளிநாட்டில் அது அதட்டலாகக்கூடப் படலாம். காட்சி பார்க்கும்போது தேட வேண்டியது கடினமான சொல்லை அல்ல, இந்த மென்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை.

ஒரு உதாரணம். 5 கிலோ பித் பிளாக் (நார்த்தூளை அழுத்திய கட்டி) போன கன்டெய்னரில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) அதிகம் என்று பையர் மெயில் போடுகிறார். 'யுவர் டெஸ்ட் இஸ் ராங்' என்று பதில் போனால் அடுத்த ஆர்டர் சந்தேகம். எத்தனை பங்கு தண்ணீரில் கரைத்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து ஈ.சி. மாறும் என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். சொல்லும் விதம்தான் கேள்வி. ஒப்பந்தப் பேச்சில் எதிராளியின் கணக்கைத் தப்பு என்று சொல்லாமல் கேள்வியாகத் திருப்பும் காட்சிகள் வரும். அந்த வாக்கிய அச்சை எடுத்து நம் சரக்கை ஊற்றினால்: 'குட் வீ கம்பேர் ஹவ் த டூ சாம்பிள்ஸ் வேர் டெஸ்டட்?' குற்றச்சாட்டு இல்லை, விட்டுக்கொடுத்ததும் இல்லை.

நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: அந்த வாக்கியம் செய்யும் வேலை, அதன் அச்சு, உங்கள் ஆபீஸுக்கு ஏற்ற சொந்த வாக்கியம். வாரம் ஐந்துக்கு மேல் வேண்டாம். 50 சொல் எழுதி வைத்தவர்கள் நோட்டைத்தான் நிரப்பினார்கள். மூன்றாம் பத்தியில் எழுதியதை இரண்டு நாளுக்குள் ஒரு உண்மையான மெயிலிலோ போனிலோ பயன்படுத்திவிட வேண்டும்.

பிறகு வாய்க்கு. நடிகர் பேசப் பேச, அரை நொடி பின்னால் நீங்களும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போங்கள். 4 வரி, 10 தடவை. கடைசித் தடவையை போனில் பதிவு செய்து ஒப்பிடுங்கள். 0.75 வேகம் காதில் சிக்காத ஒரு வரிக்கு மட்டும். அதிலேயே பழகினால் தாளம் கெடும். நாம் ஒவ்வொரு அசைக்கும் ஒரே எடை கொடுக்கிறோம், ஆங்கிலம் அப்படியல்ல. 'வீ கேன் ஷிப் ஆன் ஃப்ரைடே' என்பதில் அவர்கள் 'கேன்'ஐ 'கன்' என்று விழுங்கி, 'ஷிப்'பை அழுத்துவார்கள். நாம் 'கேன்'ஐ அழுத்தினால், அமெரிக்கக் காதில் அது 'கேன்ட்' (முடியாது) என்றே விழலாம். வெள்ளிக்கிழமை லோடு ஏறும் என்று நீங்கள் சொல்ல, ஏறாது என்று அவர் குறித்துக்கொள்வார். அதனால் தேதி, எண்ணிக்கை, முடியும்–முடியாது இந்த மூன்றையும் போனில் எவ்வளவு அழகாகச் சொன்னாலும், அன்றே மெயிலிலும் போட்டுவிடுங்கள்.

சீரியலில் கேட்ட மரபுத்தொடர்களை அவசரப்பட்டு இறக்காதீர்கள். 'பால்பார்க் ஃபிகர்' பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. கொரியா பையருக்கு 'அப்ராக்சிமேட் ப்ரைஸ்' போதும். 'டேபிள்' இன்னும் மோசம். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது அமெரிக்காவில் தள்ளிவைப்பது, பிரிட்டனில் இப்போதே விவாதத்துக்கு எடுப்பது. லண்டன் ஆட்களோடு போன் கால் என்றால் அந்தச் சொல் பக்கமே போக வேண்டாம்.