ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் பேட்: ரோட்டிலும் டிராக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1,400 கிலோ எடையுள்ள ஒரு கார் 160 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால், சுமார் 12 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது என்றும், முன் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும், பேட் அழுத்திப் பிடிக்கும் இரும்புத் தட்டு) ஒன்று 8 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரே பிரேக்கில் டிஸ்க்கின் சூடு 110 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு சுற்றே 3.7 கி.மீ.தான். ஏறிய சூடு இறங்குவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். அதே காரை பூந்தமல்லி வழியாக வீட்டுக்கு ஓட்டி வரும்போது டிஸ்க் பெரும்பாலும் 200 டிகிரிக்குள்தான் இருக்கும். பேட் வாங்குகிறவர்கள் இந்த இரண்டு சூட்டில் ஒன்றை மட்டும் பார்ப்பதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, பெட்டியில் போட்டிருக்கும் உச்ச வெப்பநிலையைப் பார்த்து வாங்குவது. 800 டிகிரி தாங்கும் ரேஸ் பேட் என்றால் எல்லாவற்றுக்கும் மேல் என்று தோன்றும். ஆனால் அதற்கு வேலை செய்யவே ஒரு குறைந்தபட்ச சூடு வேண்டும். மழை நாளில் காலையில் வண்டியை எடுத்து முதல் சிக்னலில் மிதித்தால், எதிர்பார்த்த அளவு பிடிக்காது. இன்னொரு நஷ்டமும் உண்டு. சூடேறாத ரேஸ் பேட், டிஸ்க்கின் மேல் தன் மெல்லிய படலத்தைப் படியவிடாமல் உப்புத்தாள் மாதிரி டிஸ்க்கைத் தேய்த்துத் தின்னும். விழும் இரும்புத் தூளை ஈரத்தோடு விட்டால் துருப்பிடித்து அலாய் வீலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பேடின் வெப்பநிலை விவரத்தில் முதலில் பார்க்க வேண்டியது கீழ் எல்லையைத்தான். ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற பேடுக்கு 20 முதல் 500 டிகிரி வரை சராசரி உராய்வுக் கெழு (எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.42 என்று கொடுத்திருப்பார்கள். ஓட்டிக்கொண்டே டிராக்குக்குப் போய், 15 நிமிட செஷன் சிலவற்றை முடித்துவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு இந்த ரகம்தான் சரி. அதற்கு மேல் சூடு போகிற வேகத்தில் ஓட்டுகிறவர் ஒரே பேடில் இரண்டையும் சமாளிக்கப் பார்க்கக் கூடாது. தனி டிராக் செட் வைத்துக்கொள்வதே நல்லது.

பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எஃப்எஃப், ஜிஜி எழுத்துகளை நம்பி முடிவெடுப்பதும் தவறு. எஃப் என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்து சாதாரண சூட்டுக்கு, இரண்டாவது கூடுதல் சூட்டுக்கு. ஆனால் அந்தச் சோதனை சுமார் 340 டிகிரியோடு நின்றுவிடும். 500 டிகிரியில் பேட் என்ன செய்யும் என்பதை அந்த எழுத்து சொல்லாது. பேடின் நிறத்துக்கும் இதே கதைதான். அது அந்தக் கம்பெனியின் அடையாளம், அவ்வளவே.

உராய்வு கூடினால் கார் சீக்கிரம் நிற்கும் என்பது பலருடைய எண்ணம். காரோடு வந்த பேடிலேயே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், அதற்கு மேல் நிறுத்துவது டயரின் வேலை. டிராக் பேடுக்குக் காசு கொடுப்பது பத்தாவது பிரேக்கும் முதல் பிரேக் மாதிரியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். முன்னும் பின்னும் எப்படிப் பொருந்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பின்னால் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும் பேட் போட்டால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளப் பார்க்கும். திருப்பத்துக்குள் பிரேக்கோடு நுழையும்போது கார் சுழன்றுவிடும். முன்னும் பின்னும் ஒரே ரகம், அல்லது பின்னால் ஒரு படி குறைவாகப் பிடிப்பது. இதில் பரிசோதனை வேண்டாம்.

பேட் மேல் பழி விழுந்து, உண்மையான குற்றவாளி பிரேக் ஆயிலாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். கால்தான் இதற்குச் சாட்சி. பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், பேட் தன் எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் தரையைத் தொடுகிறது என்றால், ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் விழுந்திருக்கிறது. எவ்வளவு விலையுள்ள பேட் போட்டும் பயனில்லை. டாட் 4 என்ற தர ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி இருந்தாலே போதும் என்றுதான் தரவிதி சொல்கிறது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இரண்டு வருஷம் கிடந்த ஆயிலோடு டிராக்கில் இறங்குவது ஆபத்து. டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில் ஊற்றி, பிரேக் குழாயில் இருக்கும் காற்றை முழுதாக எடுங்கள். டாட் 5.1 கலக்கலாம், டாட் 5 சிலிகான், அதைக் கலக்கவே கூடாது.

புது பேடைப் போட்ட அன்றே முழு வேகத்தில் மிதிப்பது அடுத்த தவறு. பேடில் இருக்கும் பிசின் முதல் முறை சூடேறும்போது வாயுவாக வெளியேறும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் புகுந்து பிடிப்பைக் குறைத்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன முறை இருந்தால் அதுதான் வேதம். இல்லையென்றால், காலியான சாலையில் 100-லிருந்து 20 வரை எட்டு முதல் பத்து முறை, ஒவ்வொரு முறையும் சற்று அழுத்தம் கூட்டி மிதியுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். லேசாகக் கருகிய வாசனை வரும். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

சூட்டோடு நிறுத்தி பெடலை மிதித்துக்கொண்டே நின்றால், அல்லது ஹேண்ட் பிரேக் போட்டால், பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். மறுநாள் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார் மெக்கானிக். பெரும்பாலும் அது வளைந்திருக்காது. மேலே படிந்தது சமமாக இல்லை, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே மறுபடி முறைப்படி சூடேற்றினாலோ உப்புத்தாள் போட்டாலோ போகும். கவனிக்காமல் விட்டு அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறினால், இரும்பு அங்கே கடினமான சிமென்டைட்டாக மாறும். பிறகு லேத்தில் கடைந்தாலும் ஆட்டம் திரும்பி வரும். இதே காரணத்துக்காக, ஒரு ரக பேட் ஓடிய டிஸ்க்கில் வேறு ரகத்தை அப்படியே போடக் கூடாது. பழைய படலத்தைத் தேய்த்து எடுங்கள். ரோட்டுக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட் என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் ஒரே கம்பெனியின் ஒத்துப்போகும் ரகங்களை வாங்கினால் இந்தத் தலைவலி குறையும். கார்பன் செராமிக் டிஸ்க் என்றால் அதற்கென்று சொன்ன பேடைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

சூட்டை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று கோடு வெப்பச் சாயம் தீட்டினால் போதும். முறையே 430, 560, 610 டிகிரியைத் தாண்டும்போது நிறம் மாறும். பச்சை மட்டும் வெளுத்திருந்தால் ரோடு-டிராக் பேடே பெரும்பாலும் தாங்கும். ஆரஞ்சும் போயிருந்தால், 500 டிகிரி பேடை இனி நம்ப முடியாது.

ரோட்டில் பேட் 3 மி.மீ. தடிமனுக்குத் தேயும் வரை ஓட்டுகிற பழக்கத்தோடு டிராக்குக்குப் போகாதீர்கள். பேட் தேயத் தேய சூடு நேராக, பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும். புதிதில் 10 மி.மீ. இருந்தால், 5-க்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

டிராக் ஓரத்தில் பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். அளவு மேலே வந்து வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். சக்கரத்தைப் பூட்டியதும், பெடல் இறுகும் வரை நாலைந்து முறை நின்ற இடத்திலேயே மிதித்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை, முதல் மிதியில் பெடல் ஒன்றையும் பிடிக்காமல் தரைக்குப் போகும்.