கிரிக்கெட் சங்க நிர்வாகி மறுபடி நிற்கலாமா? கணக்குப் போடும் முறை

முதலில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு உத்தரவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: 2018 ஆகஸ்ட் 9, 2022 செப்டம்பர் 14. கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீர்திருத்த அந்த நீதிமன்றம் அமைத்த லோதா கமிட்டியின் அறிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஒரு பதவிக்காலம் முடிந்ததுமே இடைவெளி, அதாவது மறுபடி நிற்காமல் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும், என்று கமிட்டி சொன்னது. 2018-இல் நீதிமன்றமே அதை இரண்டு காலமாகத் தளர்த்திவிட்டது.

அடுத்து, அவர் வகித்த பதவிகளைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு காலம் 3 ஆண்டு. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர் ஐந்தும் ஒரே கணக்கில் வரும். நாற்காலி மாறினால் கணக்கும் புதிதாகத் தொடங்கும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒருவர் 2016 முதல் 2019 வரை மாநிலச் செயலாளர், 2019 முதல் 2022 வரை மாநிலத் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து 6 ஆண்டு ஆகிவிட்டது. பிசிசிஐ (இந்திய கிரிக்கெட் வாரியம்) பதவிக்கு நிற்க முடியுமா? 2022 செப்டம்பர் 13 அன்று கேட்டிருந்தால் முடியாது. மாநிலமும் பிசிசிஐயும் சேர்த்தே எண்ணப்பட்டன. மறுநாள் வந்த உத்தரவுக்குப் பின் முடியும். இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். அப்படி 6-உம் 6-உமாக 12 ஆண்டு ஓடலாம். மாநிலத்தில் மூன்றாவது முறை நிற்க மட்டும் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். (சீர்திருத்தத்தின் பல் இங்கேதான் மழுங்கியது.) அந்த 3 ஆண்டில் கமிட்டி உறுப்பினராக உள்ளே உட்காரவும் 2018 விதி இடம் தரவில்லை.

70 வயது, அமைச்சர் பதவி, அரசுப் பணி ஆகிய தடைகளைத் தனியாகச் சரிபாருங்கள். 2025-இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய தேர்தலுக்கு அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

‘பொதுக்குழுவில் விதியை மாற்றிவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் பிசிசிஐ விதி நூலின் 45-ஆம் விதியைக் காட்டுங்கள். நான்கில் மூன்று பங்கு ஆதரவு இருந்தாலும், உச்ச நீதிமன்றம் அனுமதிக்காமல் பிசிசிஐயின் திருத்தம் நடைமுறைக்கு வராது. 2019 டிசம்பரில் நிறைவேற்றிய திருத்தங்களுக்கு 2022 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அப்போதைய பிசிசிஐ தலைவர் கங்குலி, செயலாளர் ஜெய் ஷா இருவருக்கும் 6 ஆண்டு நிறைந்துவிட்டது. வழக்கு நிலுவையில் இருக்க, பதவியில் தொடர்ந்தார்கள்.

கடைசியாக, கையில் இருப்பது பதிவான விதி நூலா, வரைவா என்று பாருங்கள். பிசிசிஐ 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது. 2018-இல் புதிய விதிகளைப் பதியச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டதும் இங்குள்ள பதிவாளருக்குத்தான்.