ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் பூவும் பெரணியும் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் பாட்டில், தொப்பி, வழுக்காத ஷூ பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை மறந்து வந்தவருக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே மலை சொல்லிக் கொடுத்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டியது, எல்லா ஏற்பாட்டோடும் நல்ல கேமராவோடும் விடியற்காலையிலேயே வேலூரிலிருந்து கிளம்பி வருகிறவர்கள் செய்கிற தவறுகள். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் புதுக் கூட்டம் வருகிறது, பழைய தவறுகளோடு. ஒரு காலத்தில் எங்கள் கூட்டமும் செய்தவைதான் என்பதால், யார் எதில் விழப்போகிறார் என்பது வண்டியை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிடும்.

வசந்த காலத்தில் வருவது

இங்கிலாந்துக்காரர்களின் புத்தகத்தையும் வீடியோவையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதில் மாட்டுகிறார்கள். அங்கே ஏப்ரல், மே மாதங்களில் சுண்ணாம்புக் குன்றுகளின் புல்வெளியில் மஞ்சள் கௌஸ்லிப்பும் ஊதா நில ஆர்க்கிடும் பூக்கும். யார்க்ஷயர் பக்கம் சுண்ணாம்புப் பாறையின் ஆழமான வெடிப்புகளுக்குள் ஹார்ட்ஸ் டங் பெரணி பச்சைப் பசேலென்று நிற்கும். அங்கே செடியை எழுப்புவது வெயில். பனி விலகி மண் சூடானால் போதும், எல்லாம் கிளம்பிவிடும்.

நம் ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? இங்கே செடியை எழுப்புவது தண்ணீர். தென்மேற்குப் பருவத்தின் இடிமழை ஆடி, ஆவணியில் மண்ணை நனைத்த பிறகுதான் கிழங்குகள் முளைவிடும். நில ஆர்க்கிடுகள் ஆவணி, புரட்டாசியில் பூக்கும். வேலியிலும் புதரிலும் செங்காந்தள் ஏறுவது ஐப்பசியை ஒட்டி. பெரணிகள் மார்கழி வரை செழிப்பாக இருக்கும். தை பிறந்தால் ஓரங்கள் பழுக்கத் தொடங்கும். மாசி, பங்குனியில் வந்து ‘ஒண்ணுமே இல்லையே சார்’ என்றால் நான் என்ன செய்ய?

அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் தரையைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். இலை உதிர்த்த கிளையில் கோங்கு மஞ்சளாகப் பூத்திருக்கும். இலவும் புரசும் சிவந்து நிற்கும். சித்திரையில் சரக்கொன்றை. ஜமுனாமரத்தூர் சாலையில் பஸ் ஜன்னலில் உட்கார்ந்தபடியே இதில் பாதியைப் பார்த்துவிடலாம்.

சுண்ணாம்புக் குன்று தேடுவது

இதுவும் அதே புத்தகங்களின் வேலை. சுண்ணாம்பில்தான் அரிய செடி வளரும் என்று படித்துவிட்டு, வெள்ளையாகத் தெரிகிற பாறைக்கெல்லாம் ஓடுகிறார்கள். ஜவ்வாது மலை சார்னோகைட், நைஸ் என்னும் பாறைகள். ஏலகிரி பெரும்பாலும் சயனைட் (syenite) என்னும் பாறை. எதுவும் சுண்ணாம்புக்கல் இல்லை. சுண்ணாம்புக்கல் வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். பழைய வட ஆற்காட்டிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் கார்பனடைட் இருக்கிறது. கார்பனேட் நிறைந்த பாறைதான், ஆனால் கடலடியில் படிந்து உருவானதல்ல, பூமிக்குள்ளிருந்து குழம்பாக வந்து இறுகியது. புவியியல் மாணவர்கள் தேடி வருகிற இடம். பூப் பார்க்க வந்தவர் அங்கே போய்த் திண்டாட வேண்டியதில்லை.

சுண்ணாம்பை விரும்பும் பெரணிகள் நம்மூரில் இல்லாமல் இல்லை. அவை மலையில் கிடக்காமல் ஊருக்குள் கிடக்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய கிணற்றின் உள்சுவரை எட்டிப் பாருங்கள். கருப்புக் கம்பி போன்ற காம்பில் மெல்லிய விசிறி இலைகள் தொங்கினால் அது அடியாண்டம். காரை பெயர்ந்த மதகிலும் மதில் விரிசலிலும் நீண்ட சீப்பு இலைகளோடு நிற்பது டெரிஸ் விட்டாட்டா. இந்த இரண்டாவது பெரணி மண்ணிலிருக்கும் ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் என்று 2001-ல் கண்டுபிடித்தார்கள். கீரை மாதிரி இருக்கிறதே என்று யாரும் ஆசைப்பட வேண்டாம்.

பூவின் முகத்தை மட்டும் படம் எடுப்பது

இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ‘சார், இது என்ன பூ?’ காட்பாடிப் பக்கத்துத் தம்பி, நன்றாக நடக்கக்கூடிய பையன், கண்ணும் கூர்மை. திரை முழுக்க ஒரு வெள்ளைப் பூ. இதழின் நரம்புகூடத் தெரிகிறது. நில ஆர்க்கிட், ஹபனேரியா இனம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நம் மலைகளில் ஹபனேரியா ஒன்றல்ல, பல. பூவுக்குப் பின்னால் வால் போல ஒரு குழல் இருக்கும், தேன் அதில்தான். அந்தக் குழல் சூலகத்தைவிட நீளமா, குட்டையா? இலை தரையோடு ஒட்டிப் படுத்திருந்ததா, தண்டில் ஏறியிருந்ததா? ஒரு தண்டில் எத்தனை பூ? கேட்டேன். ‘பின்னாடி பார்க்கலையே சார். இலை படத்துல இருக்கும், பாருங்க.’ எங்கே இருக்கிறது? பின்னணி அழகாக மங்கட்டும் என்று போர்ட்ரெய்ட் மோடில் எடுத்திருக்கிறார். இலை இருந்த இடத்தில் பச்சையாக ஒரு புகை.

அடுத்த வாரம் இரண்டு பேரும் போனோம். இடம் சரியாக நினைவிருந்தது, பாறையும் புதரும் அப்படியே இருந்தன. செடி இருந்த இடத்தில் ஆடு மேய்ந்திருந்தது. கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாகத்தான் இருக்கும், அடுத்த ஆவணிக்கு முளைக்கவும் செய்யும். மழை சரியாகப் பெய்தால், ஆடு வருவதற்குள் நாம் போனால், பெயர் தெரியும். ஒரு வருஷம் போயிற்று, நாலு படம் எடுக்காததால்.

வண்ணத்தையும் இதழையும் வைத்துப் பெயர் கண்டுபிடித்துவிடலாம் என்ற நினைப்புதான் இதற்கு வேர். திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் காப்பகம்) பாதிரியார் கே. எம். மாத்யூவும் அவருடைய குழுவினரும் இந்தப் பகுதியின் தாவரங்களைத் தொகுத்து 1980-களில் வெளியிட்டார்கள். அந்தத் தொகுதிகளைப் புரட்டினால், செடியிடம் கேட்கப்படும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும்: இலை எதிரெதிரா, மாறி மாறியா? காம்படியில் செதில் உண்டா? தண்டில் ரோமம் உண்டா? சூலகம் மேலா, கீழா? பூவின் நிறம் கடைசியில் போனால் போகிறதென்று வரும். உலர்த்தி ஒட்டிய மாதிரியில் நிறம்தான் முதலில் போய்விடுகிறதே!

செல்போன் ஆப் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். பூவின் முகத்தை மட்டும் காட்டினால் அதுவும் ஏதோ ஒரு பெயரைத் துணிச்சலாகச் சொல்லும். சில சமயம் ஜவ்வாது மலைச் செடிக்கு ஐரோப்பியச் செடியின் பெயரைக்கூட வைத்துவிடும். இனம் எதுவாக இருக்கலாம் என்று யோசிக்க உதவும், அவ்வளவுதான்.

பெரணியில் இந்தத் தவறு இன்னும் மோசம். பெரணிக்குப் பூவே கிடையாது. அதன் விலாசம் முழுவதும் இலைக்கு அடியில் எழுதியிருக்கிறது. ஆனால் வருகிற படங்களெல்லாம் மேலிருந்து எடுத்தவை, பச்சையாக, அழகாக, உபயோகமில்லாமல். இலையைக் கிள்ள வேண்டாம், இரண்டு விரலில் மெல்லத் திருப்பிப் பிடித்தால் போதும். அடியாண்டமாக இருந்தால் இலையின் விளிம்பு, பாவாடைக் கரையை மடித்துத் தைத்த மாதிரி உள்பக்கம் மடிந்திருக்கும், வித்துக் கூடுகள் அந்த மடிப்புக்குள். டெரிஸில் விளிம்பை ஒட்டியே நீளமாக, விடாமல் ஒரு பழுப்புக் கோடு போகும். நடு நரம்பிலிருந்து சாய்வாகத் தனித்தனிக் கோடுகள் கிளம்பினால் அஸ்பிளினியம். வட்ட வட்டப் புள்ளிகளாக இருந்தால் முடவாட்டுக்கால் குடும்பத்துப் பக்கம் தேடலாம். கோடும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மாவு பூசியிருந்தால் வெள்ளிப் பெரணி. கறுப்பு பேன்ட்டின் மேல் அதை வைத்து ஒரு தட்டு தட்டினால் இலை வடிவம் அப்படியே வெள்ளையாகப் பதியும். மலைப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு.

ஆகவே செடியைக் கண்டதும் மண்டி போடாதீர்கள். நின்ற இடத்திலிருந்து செடி முழுவதும், அது வளரும் பாறையோ மரமோ தெரிகிற மாதிரி ஒரு படம். பிறகு தண்டில் இலை அமைந்திருக்கும் விதம். இலையின் மேல்புறம், அடிப்புறம். பூவின் பக்கவாட்டு, பின்பக்கம். காய் இருந்தால் காய். அளவுக்கு ஒரு நாணயம் அல்லது உங்கள் விரல். முகப்படம் கடைசியில், மனசு ஆறுவதற்காக. எதிலும் போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். அந்தக் காட்பாடித் தம்பி இப்போது அனுப்புகிற படங்களில் பாதி குப்புறக் கவிழ்ந்த இலைகள். வீட்டில் யாருக்கும் காட்ட முடியவில்லை என்று குறைப்படுகிறார்.

காய்ந்ததைச் செத்தது என்று நினைப்பது

பாறை மேல் பழுப்பாகச் சுருண்டு கிடக்கும் உருண்டையைக் காலால் எத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செலாஜினெல்லா அப்படித்தான் கோடையைக் கழிக்கும். மயிற்சிகைப் பெரணியும் விசிறியை மடக்கிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் சில மணி நேரத்தில் விரிந்துவிடும். திருவிழாக் கடைகளில் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு ‘சஞ்சீவி’ என்று விற்பது இந்த வித்தையைத்தான்.

முடவாட்டுக்காலில் ஏமாறுவது வேறு வகை. அதற்கு இரண்டு விதமான இலை. நீண்ட பச்சை இலை ஒன்று. அடியில் கிழங்கை அணைத்தபடி காகிதம் போலச் சரசரக்கும் பழுப்பு இலை இன்னொன்று. சருகு என்று நினைத்துச் சிலர் அதைப் பிய்த்து ‘சுத்தம்’ செய்து படம் எடுக்கிறார்கள். அது பழுப்பாக இருக்கவே பிறந்த இலை. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து மக்கவைத்து அந்தச் செடிக்கு எருவும் ஈரமும் சேர்ப்பது அதுதான். சூப்புக்காகக் கிழங்கை வெட்டுகிறவர்களிடம் தப்பித்த செடி, உங்கள் சுத்தத்தில் சாக வேண்டுமா?

வீட்டுத் தொட்டிக்குப் பிடுங்கிப் போவது

வேண்டாம். சத்துவாச்சாரி மாடி வெயிலில் அது பிழைக்காது.

அரிய செடியின் இடத்தை மேப்போடு பகிர்வது

ஊர்ப் பெயர் போதும்.

செங்காந்தள் கிழங்கைத் தோண்டிப் பார்ப்பது

விஷம். கால்சிசின். விளையாட்டில்லை.

ஈரப் பாறையில் நடப்பது

வழுக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. மழைக்குப் பிறகு படுகைப் பாறைகளில் சில இடங்களில் மேலிருந்து தண்ணீர் கசிந்து மெல்லிய ஏடாக ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே விரற்கடை ஆழம்கூட இல்லாத மண்ணில்தான் பூச்சி தின்னும் செடிகளான அழுகண்ணியும், நூலளவு தண்டில் ஊதாப் பூ வைக்கும் யூட்ரிகுலேரியாவும் வளரும். அழுகண்ணியில் ஒரு வகை, ஒரு ரூபாய் நாணய அளவில் சிவப்பாகத் தரையோடு ஒட்டியிருக்கும். ரோமம் ஒவ்வொன்றின் நுனியிலும் பிசின் துளி, சிலதில் எறும்பு மாட்டியிருக்கும். ஒரு பூட்ஸ் தடம் பட்டால் மண் ஏடு பாறையிலிருந்து அப்படியே உரிந்து வந்துவிடும். அது திரும்பச் சேர எத்தனை மழை வேண்டுமோ. பாறையின் காய்ந்த பக்கமாகச் சுற்றி வந்து, ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். லென்ஸ் இருந்தால் இங்கேதான் அதற்கு வேலை.

கேட்காமல் காட்டுக்குள் நுழைவது

1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். கையில் கேமரா இருக்கிறது, பறிக்கவில்லை என்பதெல்லாம் பதில் ஆகாது. ஏலகிரி சுவாமிமலைக்கு ஏறுவதாக இருந்தாலும் அமிர்தி, பீமன் அருவிப் பக்கம் போவதாக இருந்தாலும், எதுவரை போகலாம் என்று அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். கோடையில் கெடுபிடி அதிகம், காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி மாண்டார்கள். மாசி, பங்குனியில் வனக்காவலர் திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் செய்யாமல் இறங்கிவிடுங்கள். அந்த மாதத்தில் தரையில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, கோங்கு சாலையோரத்திலேயே பூத்திருக்கும்.