சொந்த டொமைன் வால் வாங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மென்பொருள் செய்கிறோம். போன வாரம் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, டாட் ஆர்க் எதுக்கு, நமக்குன்னு சொந்தமா ஒரு வாலே வாங்கிடலாமே?"

வால் என்று அவன் சொன்னது இணைய முகவரியின், அதாவது டொமைன் பெயரின், கடைசியில் வரும் .com, .org போன்ற பகுதியை; எங்கள் முகவரி டாட் ஆர்க்கில் (.org) முடிகிறது. கேள்வி நியாயம்தான். 2019இல் டாட் ஆர்க்கை நடத்தும் அமைப்பையே 1.135 பில்லியன் டாலருக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அறிவித்தார்கள். தோட்டம் கைமாறினால் லயத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை, எனக்கும் அன்று பயம்தான். நல்லவேளை, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் 2020 ஏப்ரலில் அதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டது.

சரி, சொந்த வாலுக்கு என்ன செலவு? விண்ணப்பிக்க மட்டும் 2012 சுற்றில் 185,000 டாலர், 2026 சுற்றில் 227,000. நம் பணத்தில் 9 லட்சம் வெள்ளி பக்கம். தகுதியுள்ள லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு 75 முதல் 85 சதவீதம் வரை சலுகை தரும் திட்டம் ஒன்றை அந்தச் சுற்றுக்கு வைத்தார்கள், ஆனால் முழுச் சலுகை கிடைத்தாலும் 34,000 டாலர் கட்ட வேண்டும். அதோடு முடியாது. 2012 ஒப்பந்தப்படி, ஒரு பெயரைக்கூட விற்காவிட்டாலும் வருடத்துக்கு 25,000 டாலர். சர்வர்களை நடத்தித் தரும் நிறுவனத்துக்குத் தனியாக. இவ்வளவு கொடுத்தும் அது நம் சொத்தாகாது, ஐகேனோடு 10 வருட ஒப்பந்தம், அவ்வளவுதான். எனவே வேண்டாம் என்பதே என் முடிவு, அந்தக் காசில் எத்தனை பள்ளிகளுக்குக் கணினி வாங்கலாம்!

அதற்குப் பதிலாக இருக்கும் பெயரைப் பத்திரப்படுத்துங்கள். எங்களுடையது ஒருமுறை காலாவதியே ஆகிவிட்டது, பதிவு செய்த நண்பர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், நினைவூட்டல் வந்த பழைய மின்னஞ்சலைத் திறக்கவே இல்லை. இரண்டு நாள் தூக்கம் இல்லை. அதனால் தனிநபர் பெயரில் வேண்டாம், சங்கத்தின் பெயரிலேயே பதியுங்கள். டாட் ஆர்க்கை ஒரே தடவையில் 10 வருடம் வரை புதுப்பிக்கலாம், பணம் இருக்கும்போதே செய்துவிடுங்கள். கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு, டொமைனை வேறு யாரும் தங்கள் பக்கம் மாற்றிக்கொள்ள முடியாதபடி மாற்றப் பூட்டு (transfer lock), கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேரிடம். தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது, டொமைன் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம், அழகாக இருக்கிறதே என்று வேறு நாட்டு இரண்டெழுத்து வாலை எடுக்காதீர்கள். ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப்பில் (.af) இருந்த ஒரு மாஸ்டடான் (ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளம்) தளத்தின் பெயரை 2024இல் தாலிபான் நிர்வாகம் முடக்கியது. நமக்கு டாட் எம்ஒய் (.my) இருக்கிறது, கூடவே அதையும் ஒன்று எடுத்து வையுங்கள்.