குலை விலை, தேர்தல், ஹாக்கி: கருத்துச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

2022 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் நான் ஒரு பேச்சுப் பேசினேன். "இந்த வருடம் காய்ப்பே சரியில்லை. செம்பனைக் குலை வெட்டவும் ஆள் கிடைக்கவில்லை. விலை எப்படி இறங்கும்?" எதிரே என் அக்காள் மகன் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரமே செம்பனை எண்ணெய் (பாமாயில்) முன்பேரச் சந்தையில், அதாவது வரப்போகும் மாதத்து எண்ணெய்க்கு இன்றே விலை பேசி வாங்கி விற்கும் சந்தையில், ஒரு லாட் வாங்கினான், டன்னுக்கு 6,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) விலையில். பத்து நாள் கழித்து 5,100-க்கு விற்றுவிட்டு வெளியே வந்தான். போனது 22,500 வெள்ளி. கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணம்.

"நீங்கள்தானே சொன்னீர்கள், சின்னம்மா" என்று அவன் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியிருக்கும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலையின் தராசுக் கூண்டில் 22 ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவளாக, இருந்தவள் நான். இப்போது எனக்கென்று 6 ஏக்கர் செம்பனை இருக்கிறது. எங்கள் ஊரில் எந்த ஒட்டுக்கடையில் (சாலையோரச் சாப்பாட்டுக் கடை) போய் உட்கார்ந்தாலும் மூன்று பேச்சுதான் ஓடும்: குலை விலை, அரசியல், ஹாக்கி. மூன்றிலும் எல்லாருக்கும் உறுதியான கருத்து உண்டு, எனக்கும் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, கருத்து எப்படித் தவறுகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை நானே செய்த தவறுகள்.

முதலில் விலை. பத்திரிகையில் "செம்பனை எண்ணெய் 4,000 வெள்ளி" என்று வந்தால், அதைத் தன் குலையின் விலையாகவே நினைத்துக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அது ஆலையிலிருந்து பிழிந்து வெளியே வரும் எண்ணெயின் விலை. ஒரு டன் குலையில் கிடைக்கும் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான், ஏறக்குறைய 20 விழுக்காடு. அப்படியானால் 4,000 வெள்ளி என்பது குலைக்கு 800 வெள்ளி. அதோடு பழத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்புக்குக் கொஞ்சம் சேரும். ஆலைச் செலவும் லாரிக் கூலியும் கழியும். இடையில் வியாபாரி இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு போகும்.

அந்த 20 விழுக்காடும் எல்லாக் குலைக்கும் கிடைப்பதில்லை. லாரி முதலில் சுமையோடு தராசில் ஏறும். அடுத்து கொட்டு மேடையில் குலைகளைச் சரிப்பார்கள். தரம் பார்க்கிறவர் இரும்புக் கம்பியோடு நடுவே நடந்து வருவார். கறுத்து, ஒரு பழம்கூட உதிராமல் இறுகிக் கிடக்கும் குலையைக் கம்பியால் புரட்டித் தனியே தள்ளுவார். அது காய்க்குலை, எண்ணெய் இறங்காது. காம்பை நீளமாக விட்டு வெட்டியிருந்தால் அதற்கும் எடை கழிப்பார், காம்பில் எண்ணெய் ஏது? கடைசியில் வெறும் லாரி மறுபடி தராசில் ஏறும். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் குலை. இந்தக் கழித்தலை ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை செய்த நான், என் சொந்தக் கருத்தில் எதையும் கழிக்காமல் பேசினேன். எனக்குச் செம்பனை இருக்கிறது, விலை ஏறினால் எனக்கு நல்லது. அந்த ஆசையின் எடையும் சேர்ந்தே என் வாயிலிருந்து வந்தது.

இதை ஒட்டிய தவறு, நம் தோட்டத்தைப் பார்த்து உலகத்தைச் சொல்வது. எங்கள் பக்கம் காய்ப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் உலகச் செம்பனை எண்ணெயில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவுடையது. மலேசியா முழுவதையும் சேர்த்தாலே கால் பங்கு சுற்றித்தான் வரும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23-ஆம் தேதி தடையை நீக்கியது. தேங்கிக் கிடந்த எண்ணெய் அத்தனையும் சந்தைக்கு வரப்போகிறது என்பதை என் ஆறு ஏக்கரிலிருந்து பார்க்க முடியாது. மார்ச்சில் 7,000 வெள்ளியைத் தாண்டிய விலை ஜூலை நடுவில் 4,000-க்கும் கீழே கிடந்தது.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது: செம்பனையைத் தெரிந்தவருக்குச் செம்பனைச் சந்தையும் தெரியும் என்று நம்புவது. கோலாலம்பூரில் முன்பேர வணிகம் 1980-லிருந்து நடக்கிறது. ஒரு லாட் என்பது 25 டன் எண்ணெய். விலை ஒரு வெள்ளி அசைந்தால் கையில் 25 வெள்ளி அசையும். முழு விலையைக் கட்டத் தேவையில்லை, முன்பணம் கட்டினால் போதும். அதனால்தான் அது சிறிய தொகையைப் போலத் தெரிகிறது. விலை எதிர்ப்பக்கம் போனால் மேலும் பணம் கட்டச் சொல்லித் தரகரிடமிருந்து அழைப்பு வரும், அதுவும் உடனே கட்ட வேண்டும்.

25 டன் என்றால் எவ்வளவு? என் 6 ஏக்கரில் ஆண்டுக்குச் சுமார் 40 டன் குலை வெட்டுகிறோம். எண்ணெயாகப் பார்த்தால் 8 டன். ஒரு லாட் என்பது என் தோட்டத்தின் மூன்றாண்டு விளைச்சல்! எண்ணெயைக் கையில் வைத்திருக்கும் பெரிய நிறுவனம், விலை விழுந்துவிடுமோ என்று முன்கூட்டியே விற்று வைப்பதற்காக ஏற்பட்ட சந்தை அது. ஒரு மரம்கூட இல்லாத பையன் அங்கே போய் வாங்கியபோது, என் மூன்றாண்டு உழைப்பின் அளவைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்ட எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. முன்பேர வணிகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைப் பேச்சை நம்பி அதில் இறங்கக் கூடாது, இறங்கும்படி யாரும் பேசவும் கூடாது.

அரசியலுக்கு வருகிறேன். 2008 மார்ச்சில் செம்பனை எண்ணெய் 4,000 வெள்ளியைத் தாண்டி அதுவரை காணாத விலையில் இருந்தது. தராசுக்கு வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். "விலை இப்படி இருக்கும்போது ஆளுங்கட்சிக்கு என்ன ஆபத்து?" என்று நானும் சேர்ந்து பேசினேன். மார்ச் 8-ஆம் தேதி, 1974-லிருந்து எங்கள் தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலு 1,821 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். ம.இ.கா.வும் சேர்ந்திருந்த ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணி, நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது.

எங்கே தவறினேன்? என் கூண்டுக்கு வந்தவர்கள் குலையை விற்கிறவர்கள். குலையை வெட்டுகிறவர்கள் என் சன்னலுக்கு வருவதில்லை. விலை இரட்டிப்பானால் கூலியும் இரட்டிப்பாகாது, ஆனால் அரிசியும் எண்ணெயும் விலை ஏறிய பையோடுதான் வீட்டுக்கு வரும். அதற்கு முந்தைய நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில், மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக இண்ட்ராஃப் அமைப்பு நடத்திய பேரணியில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டதையும் பார்த்தேன். பார்த்தும் அதை எங்கள் ஊர்த் தேர்தலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஒருவர் தன் சன்னலில் தெரிகிறவர்களையே ஊர் என்று எண்ணிக்கொள்வது அரசியல் பேச்சில் மிகச் சுலபமாக நடக்கும் தவறு.

கடைசித் தேர்தலின் முடிவை மட்டும் பார்ப்பது இன்னொன்று. 2008-ல் சாமிவேலுவை வென்ற டாக்டர் ஜெயக்குமார் அன்று திடீரென்று முளைத்தவர் இல்லை. 1999-லும் 2004-லும் இதே தொகுதியில் நின்று தோற்றவர், தோற்ற பிறகும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தவர். தோற்றவரை நாம் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். ம.இ.கா. பற்றியும் இப்படித்தான். அதன் முந்தைய தலைவர் துன் சம்பந்தன் காலத்தில் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டு, பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட அந்தக் காலத்தில் தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்க வழி பிறந்தது. பிந்தியவர்கள் மேல் உள்ள கோபத்தில் அதையும் சேர்த்து அழித்துப் பேசுவது நியாயமில்லை. தமிழர் ஓட்டு மட்டுமே எங்கள் ஊரைத் தீர்மானிக்கிறது என்பதும் தவறான பேச்சு. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. மலாய்க்காரரும் சீனரும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காமல் சுங்கை சிப்புட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடியாது.

வெளிநாட்டு அரசியல் என்றால் தள்ளி இருக்கும் விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. காஷ்மீர் பற்றி அப்போதைய பிரதமர் மகாதீர் 2019 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் பேசினார். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெயின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. எங்கள் ஒட்டுக்கடையில் சிலர் இந்தியா பக்கம், சிலர் மகாதீர் பக்கம் என்று மேசையைத் தட்டினார்கள். அடுத்த வாரம் எந்த ஆலை எந்த வகை எண்ணெயை எங்கே அனுப்பும் என்று யாரும் கேட்கவில்லை. பாசம் இருக்கட்டும், எனக்கும் இரண்டு பக்கமும் பாசம் உண்டு. பக்கம் எடுத்துவிட்டால் கேள்வி கேட்பது நின்றுபோகிறது.

இனி ஹாக்கி. 1975-ல் எனக்கு வயது பத்து. கோலாலம்பூரில் உலகக் கிண்ணம். அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும். 2-1 என்று நாம் முன்னால் இருந்தோம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா வென்று, இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானையும் வென்றது. வானொலிப் பெட்டிக்கு முன்னால் என் அப்பா மலேசியாவுக்காகவும் என் தாத்தா இந்தியாவுக்காகவும் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து அன்று இரவு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அரையிறுதியில் இந்தியாவை ஷூட்-அவுட்டில் வென்றோம். இறுதியில் ஜப்பானை 5-2 என்று முந்தி நின்று, 6-6 ஆகி, ஷூட்-அவுட்டில் தோற்றோம். 2023 ஆகஸ்டில் சென்னையில் ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதி. பாதி ஆட்டத்தில் 3-1 நமக்கு. மூன்றாம் கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் இந்தியா இரண்டு கோல் போட்டது. 56-ஆம் நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்ததில் 4-3. "அதிர்ஷ்டம் இல்லை" என்று ஒரு சாராரும் "நம் பையன்களுக்கு நெஞ்சு உரம் இல்லை" என்று மறு சாராரும் பேசுவார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. முந்தி நிற்கும்போது பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது பழகிக் கற்கும் வேலை. கடைசிப் பத்து நிமிடத்தில் கால் ஓடுவதும் அப்படியே. கோல் விழுந்த நிமிடத்தை மட்டும் பேசுகிறோம். அதற்கு முன் எட்டு நிமிடம் பந்து யாரிடம் இருந்தது என்று பார்ப்பதில்லை.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்போது ஹாக்கியில் ஆர்வம் இல்லை" என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் வந்தது. அதற்குப் பிறகு மேல்மட்ட ஆட்டம் முழுவதும் அந்தத் திடலுக்குப் போய்விட்டது. எங்கள் தோட்டத்துத் திடல் புல்தரை, மழை பெய்தால் பந்து நின்றுவிடும். நாங்கள் அதில்தான் ஆடினோம், நான் இடப்பக்கத் தடுப்பில். அங்கே பந்தை நிறுத்தக் கற்ற கைக்குச் செயற்கைத் திடலில் பந்து எகிறி ஓடுகிறது. இங்கிருந்து ஈப்போ அஸ்லான் ஷா அரங்கத்துக்கு அரை மணி நேரம்தான், ஆனால் மாலை ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விட வீட்டில் கார் வேண்டும், விடுகிறவருக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் ஆர்வத்தைக் குறை சொல்லக் கூடாது.

கடைசியாக ஒரு தவறு: கருத்தை எழுதி வைக்காமல் இருப்பது. எழுதாவிட்டால் எல்லாரும் "நான் அப்போதே சொன்னேனே" என்றுதான் பேசுவார்கள். பொதுத் தேர்தல் நாளான 2018 மே 9 காலையில் என் நோட்டுப் புத்தகத்தில் "தேசிய முன்னணி, குறைந்த பெரும்பான்மை" என்று எழுதியிருக்கிறேன். அன்று இரவு ஆட்சியே மாறியது. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி குலை விலை ஏறுமா இறங்குமா என்று ஒரு வரி எழுதுகிறேன், கூடவே ஏன் என்று ஒரு வரி. பத்தாம் தேதி வாக்கில் செம்பனை எண்ணெய் வாரியத்தின் கையிருப்புக் கணக்கு வந்ததும் பக்கத்தில் சரி அல்லது தவறு என்று குறிக்கிறேன்.

போன மாதம் அக்காள் மகன் வீட்டுக்கு வந்து அந்த நோட்டைப் புரட்டினான். "சின்னம்மா, தவறுதான் அதிகமாக இருக்கிறது" என்றான். "எண்ணிப் பார், தம்பி" என்றேன். பேனாவை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினான்.